கண்ணாடி ஏறாத கதவு

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிக்குடி. என்னிடம் பழைய டபுள் கெப் ஒன்று இருக்கிறது. போன அறுவடையில் நெல்மூட்டை ஏற்றிய ட்ரக்டர் பெட்டியின் மூலை இடித்து, இடப்பக்க முன்கதவு கைபிடிக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குப் பள்ளமாக உள்ளே போய்விட்டது. பவர் சட்டர், அதாவது சுவிட்சில் ஏறும் கண்ணாடி, பாதி ஏறி நின்றுவிடுகிறது. பழைய பாட்ஸ் கடையில் அதே மொடல் கதவு இருக்கிறது, ஆனால் கையால் சுற்றும் சட்டர். வாங்கலாமா?

பதில்: வாங்குங்கள் தம்பி. ஆனால் அப்படியே தூக்கி மாட்ட வேண்டாம். கையால் சுற்றும் கதவின் உள்தகட்டில் மோட்டர் பூட்டும் துளைகள் பல வேளை இருப்பதில்லை. துளைத்துப் பொருத்தினாலும் கண்ணாடி சரிந்து ஏறும். உங்களுக்கு அந்தக் கதவின் வெளித்தகடு போதும். உங்கள் கதவின் சட்டம், மோட்டர், வயர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அதற்கு முதல், சட்டர் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்துவதை நிறுத்துங்கள். உள்ளே போன தகடு கண்ணாடியையோ அது ஓடும் தண்டவாளத்தையோ நெருக்கிக்கொண்டிருக்கும். பலவந்தப்படுத்தினால் மோட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துவிடும். உள் அட்டையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். கதவுக்குள் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம் வளைந்திருந்தால் தகடு மாற்றிப் பயனில்லை; பவர் சட்டர் உள்ள முழுக் கதவுதான் தேட வேண்டும். சட்டம் நேராக இருந்து, கதவைத் தூக்கிப் பிடிக்காமலே லொக் விழுந்து, சுற்றிவர இடைவெளி ஒரே அளவாக இருந்தால் பயமில்லை.

இனி டிங்கர் வேலை. பட்டரியின் மைனஸைக் கழற்றி, கண்ணாடியை வெளியே எடுத்த பிறகுதான் கிரைண்டரைத் தொட வேண்டும். பொறி பட்ட கண்ணாடியில் விழும் புள்ளி பிறகு போகவே போகாது. வெளித்தகடு சட்டத்தின் ஓரத்தைச் சுற்றி மடிந்திருக்கும். உங்கள் கதவில் அந்த மடிப்பின் விளிம்பை மட்டும் அரைத்தால் மயிரிழை மாதிரி ஒரு கோடு திறக்கும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும், இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் சட்டம் வெட்டுப்படும். வாங்கிய கதவில் இப்படி அரைக்கக் கூடாது, அரைத்தால் திரும்ப மடிக்கத் தகடு மிஞ்சாது. மெல்லிய உளி விட்டு, மடிப்பைச் சுற்றிவர நிமிர்த்தி எடுக்க வேண்டும். ஒருதரம் மடிந்த தகடு இரண்டாம் தரம் ஒரே அடியில் மடித்தால் வெடிக்கும். எடுத்த தகட்டை உங்கள் சட்டத்தின் மேல் வைத்து, பின்னால் டொலி என்ற இரும்புக் கட்டையைக் கொடுத்து மூன்று நான்கு சுற்றாக, மெல்ல மெல்லத் தட்டி மடிக்கச் சொல்லுங்கள். அவசரக்காரனிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மடிப்புக்குள் தண்ணீர் போகாமல் அடைக்கும் சீலர் பசை போடுவார்கள், அது அவசியம். ஆனால் கதவின் அடியில் தண்ணீர் வடிய இருக்கும் சிறு துவாரங்களை அடைக்கவே கூடாது. தொழில் தொடங்கிய காலத்தில் கல்லடிப் பக்கத்து மீன் லொறி ஒன்றுக்கு நான் அப்படி அடைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாரியில் லொறி திரும்பி வந்தது. கதவைத் திறந்து மூட உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்டது. அடிமடிப்பு விரலால் குத்த உதிர்ந்தது. பிழை என்னுடையது, காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன், ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம் என்று இருக்கும் நம் ஊரில் உப்புக் காற்று இரும்பை விடாது. ஆகவே கடையில் கதவைப் பார்க்கும்போதும் அடிமடிப்பைத்தான் முதலில் தடவிப் பாருங்கள். ஒரு காந்தத்தையும் கொண்டுபோங்கள். புட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது.

உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பொலித்தீன் தாளைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைத் தண்ணீர் காலடிக்கு வரும். பட்டரி திரும்பப் பூட்டியதும் சட்டர் தானாக முழுக்க ஏறாவிட்டால், கண்ணாடி மேலே முட்டும்வரை சுவிட்சைப் பிடித்து, இன்னும் சில விநாடி விடாமல் வைத்திருங்கள். பல மொடல்களில் அதுவே போதும்.

கண்ணாடியும் லொக்கும் உங்களிடம் இருப்பதால் வெறும் கதவுக்கு மட்டும் விலை பேசுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள்.