ஆறு மாதிரிகள்

கேள்வி: எய்ட்ஸ் என்ற பேச்சு வந்தாலே அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். இப்போதுதான் மாத்திரை இருக்கிறதே, அப்படி என்ன பயம்? அந்த ஆரம்ப காலத்தைப் பார்த்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?
(கல்லூரி மாணவி, விழுப்புரம்)

பதில்: அம்மாவின் பயம் சும்மா வந்ததில்லை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாக ஏ.ஆர்.டி. மருந்து, அதாவது கிருமியைக் கட்டுப்படுத்தி வைக்கும் மருந்து, கொடுக்க ஆரம்பித்ததே 2004 ஏப்ரலில்தான். முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அதுவரை வசதி உள்ளவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், மற்றவர்கள் கண்ணெதிரே இளைத்துப் போனார்கள். அதைப் பார்த்த தலைமுறை உங்கள் அம்மாவுடையது.

இந்தியாவில் எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு மாணவியாக இருந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, பாலியல் தொழில் செய்த பெண்களை அடைத்து வைத்திருந்த அரசுக் காப்பகத்துக்குப் போய் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. எடுத்ததை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, 1986 பிப்ரவரியில் ஒரு ஐஸ் பெட்டியில் போட்டு, கணவரோடு ராத்திரி ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) கொண்டுபோனார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, கிருமி இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் அமெரிக்காவிலும் உறுதியாகி, மே மாதம் சட்டசபையில் சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார்.

எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை, ஏதோ பால்வினை நோய்க்கான சோதனை என்றுதான் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நிர்மலாவின் துணிச்சல் பெரியது, சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது இந்தக் கதையைச் சொன்னாலும் அந்த ஆறு பேரும் வெறும் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதன்பிறகு பல வருஷம் இது 'அந்த மாதிரி' பெண்களின் நோய் என்றே ஊர் நம்பியது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரமாகச் சுவரெல்லாம் எழுதியிருந்ததை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், உடனே ஞாபகம் வரும். வீட்டைத் தாண்டாத மனைவிகளுக்குக் கணவன் வழியாக வந்ததும், அவன் செத்த பிறகு பழியை அவள்மேலேயே போட்டு வீட்டை விட்டு அனுப்பியதும் அந்தச் சுவர்களில் இல்லை. அப்படி எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த பெண்கள் தாங்களே சேர்ந்து 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்திய கௌசல்யா, தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து பேசியவர்.

சரி, யாரிடம் கேட்பது என்கிறீர்களா? இப்படிப்பட்ட அமைப்புகளில் இருக்கும் மூத்த பெண்களிடம் கேளுங்கள், அவர்கள் பேச விரும்பினால் மட்டும். 'எப்படி வந்தது?' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர்கள் ஓய்ந்து போயிருப்பார்கள். மருந்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, பிள்ளையைப் பள்ளியில் எப்படிச் சேர்த்தீர்கள், அப்போது யார் உங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.