ஈ.கோலைக்கு பேஜ் திரவம்: தண்ணீரில் கலந்தால் போதுமா?

பல்லடம் பக்கம் 5,000 கறிக்கோழி வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: மூன்றாவது வாரத்தில் கோழிகள் இரைத்துச் சாகின்றன, அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் கல்லீரலின் மேலும் மஞ்சள் கலந்த வெள்ளைச் சவ்வு, ஈ.கோலை பாக்டீரியா என்கிறார்கள், ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. 'பேஜ்' திரவத்தைத் தண்ணீரில் கலந்தால் போதும் என்று ஒருவர் விற்க வருகிறார், வாங்கலாமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். பேஜ் ஏமாற்று வேலை இல்லை. பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி அதை வெடிக்க வைக்கும் வைரஸ் அது, கோழியின் செல்லைத் தொடாது. 1919-லேயே பிரான்சில் ஃபெலிக்ஸ் டெரெல் என்ற நுண்ணுயிரி ஆய்வாளர் கோழி டைபாய்டுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பேஜ் எல்லா ஈ.கோலையையும் கொல்லாது. உங்கள் ஷெட்டில் இருக்கும் ரகமும் பக்கத்துத் தோட்டத்து ரகமும் வேறாக இருக்கலாம். அதனால் அன்றைக்குச் செத்த கோழிகளை ஐஸ் பெட்டியில் வைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள ஆய்வகத்துக்கோ கொண்டுபோய்க் கிருமியை வளர்க்கச் சொல்லுங்கள். கிருமி வளர்க்கும் தட்டு முழுக்கப் பனி மூடியதுபோல் கிருமி படர்ந்திருக்கும், அதன் மேல் அந்தத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் மறுநாள் அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லையா, அது உங்கள் பண்ணைக்கான மருந்து இல்லை. இந்தச் சோதனைக்கு விற்பவர் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம் தண்ணீர். குளோரின் போட்ட தண்ணீரில் பேஜ் செத்துப்போகும், தப்பியதும் இரைப்பை அமிலத்தில் வீணாகலாம். அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் கோழிக்கு நோய் இருப்பது குடலில் இல்லை, நுரையீரலோடு இணைந்த காற்றுப்பையில். அமெரிக்காவின் ஆர்கன்சாவில் கறிக்கோழிகளில் செய்த ஆய்வுகளில் தசையில் ஊசியாகப் போட்ட பேஜ் சாவைக் குறைத்தது, தண்ணீரில் கொடுத்தது காப்பாற்றவில்லை. 5,000 கோழிக்கு ஊசி என்பது நடக்கிற காரியமா?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் விடியற்காலையில், திரையைத் தூக்குவதற்கு முன்பு, ஷெட்டுக்குள் போய்க் கோழி உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு விட்டுப் பார்ப்பேன். கண் எரிந்தால் அம்மோனியா. அதுதான் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கி ஈ.கோலைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது, எந்தப் பேஜும் அந்தக் கதவை மூடாது. தரையில் விரித்திருக்கும் தேங்காய் நார்க்கழிவை ஒரு கை அள்ளிப் பிடித்துப் பாருங்கள், கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், கிளறிவிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். கோழி குடிக்கும் நிப்பிள் தண்ணீர் பைப்பின் கடைசி மூடியைத் திறந்து வழுவழுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூச்சுப் பாதையைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமி, ஐ.பி. (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்) வைரஸ் நோய் இருக்கிறதா என்பதையும் ஆய்வகத்தில் சேர்த்தே கேளுங்கள்.

இப்போதுள்ள பேட்சுக்கு, அதே ஆய்வகத்தில் ஆன்டிபயாடிக் சோதனையும் செய்யச் சொல்லி, அதன் முடிவில் எந்த ஆன்டிபயாடிக் கேட்கிறதோ அதை மட்டும், மருத்துவர் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள், மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கோழியை விற்பனைக்குப் பிடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம், 2019 ஜூலையிலிருந்து கோழிக்கு அதற்குத் தடை இருக்கிறது.