ஆடிக்காற்றும் ஆண் கடலும்: தூண்டில்காரர் கேள்வி பதில்

மேட்டூர், பவானிசாகர்ல தூண்டில் போட்டுப் பழக்கமுங்க. ஆடிப் பதினெட்டு லீவுக்கு நாலு பேரு ராமேஸ்வரம் போயிக் கடல்ல போட்டுப் பாக்கலாம்னு இருக்கோம். அப்பக் கடல் எப்படி இருக்குமுங்க?
*– வாசகர், பவானி*

ராமேஸ்வரத்தில் இரண்டு கடல்கள். தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் அதை ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் நீரிணை, பெண் கடல். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே, அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஆண் கடலையும் கிளப்பிவிடுகிறது. தென்கரையில் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், தூண்டில் நரம்பில் பாசி சுற்றும், 100 கிராம் ஈயம் கட்டினாலும் தரையில் நிற்காமல் உருண்டு கரைக்கே வந்துவிடும். நம் ஊரில் காற்றாலை ஓயாமல் சுற்றும் வாரத்தில் தென்கரையை மறந்துவிடுங்கள்.

பெண் கடல் அப்போது அடங்கியிருக்கும். கரையிலிருந்து போட அதுதான் தோது. ஆனால் அந்த அமைதியை நம்பி ரப்பர் படகிலோ கயாக்கிலோ இறங்க வேண்டாம். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால்தான் கரையோரத்தில் அலை இல்லை. போகும்போது தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது துடுப்புப் போட்டு மாளாது. இலங்கைக் கடல் எல்லையும் கிட்டத்தில் இருக்கிறது. மீன்பிடிப் படகில் காசு கொடுத்து ஏறுவதும் கூடாது. அந்தப் படகுக்குப் பதிவு மீன்பிடிக்கத்தான், ஆள் ஏற்ற அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா. அவற்றின் பக்கம் போகவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். வாடைக்காற்று பெண் கடலைக் கலக்கும், ஆண் கடல் தணிந்துவிடும். நாள் பார்த்துப் போவதென்றால் மாசி, பங்குனிதான் எங்கள் தேர்வு. கிழக்குக் கரைக் கடல், மேற்குக் கரைக் கடல் இரண்டுமே அப்போது சாந்தமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் உள்ள 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு; கரையில் நின்று போடும் தூண்டிலுக்கு அல்ல.

போன்ல அலை 1.2 மீட்டர், காத்து 12 நாட்டுன்னு காட்டுச்சு. போலாமுங்களா?
*– வாசகர், திருப்பூர்*

ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். ஆக, காற்று மணிக்கு 22 கிலோமீட்டர். காலையில் இது தாங்கும். வெயில் ஏறியதும் கடற்காற்றும் இதோடு சேரும், அதனால் ஆள் ஏற்றப் பதிவான படகில் போயிருந்தால், படகுக்காரர் சொல்லாவிட்டாலும் 11 மணிக்குள் கரைக்கு வந்துவிடுவது நல்லது.

அந்த 1.2 மீட்டர் என்பது எல்லா அலையின் சராசரி அல்ல. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி. அதே கடலில் அவ்வப்போது இரண்டு மீட்டரைத் தாண்டியும் ஒன்று வரும். பலரும் பார்க்காமல் விடுவது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் விநாடிக் கணக்கை. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 5, 6 விநாடி என்றால் அது அங்கேயே காற்று எழுப்பிய அலை, படகைக் குலுக்கியெடுக்கும். 14, 15 விநாடி என்றால் தொலைதூரத் தென்கடலில் பிறந்து வந்த நெடும் அலை. ஆழத்தில் அது வருவதே தெரியாது, கரையிலும் பாறையிலும் வந்துதான் எழும்பும். கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்று பேர் வைத்தது இதற்குத்தான். காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், தண்ணீர் மட்டும் திடுமென்று ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டது, கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் அரசு நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்புமுன் பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் தூண்டில் ராடைப் பிரிக்காமல் 20 நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பாறையில் எதுவரை நனைந்து கறுத்திருக்கிறதோ அதுவரை அலை வந்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, காய்ந்த பாறையில் மட்டும் நில்லுங்கள்.

ஆழியார்ல நாலு வருசம் ஓடுன தூண்டில் ரீலு. கடலுக்கு ரெண்டு தடவைதான் போச்சு, இறுகிப்போச்சுங்க. தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகலை.
*– வாசகர், பொள்ளாச்சி*

உப்பு காய்ந்தாலும் சும்மா இருக்காது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, ரீல் அலமாரியில் இருக்கும்போதும் அரித்துக்கொண்டே இருக்கும். முதலில் மாட்டுவது நரம்பு திரும்பும் இடத்தில் இருக்கும் சின்ன உருளை. விரலால் உருட்டிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் நரம்பு ஒரே இடத்தில் தேய்ந்து, முறுக்கேறி, பெரிய மீன் இழுக்கும்போது அறுந்துபோகும்.

கடலுக்குப் போய் வந்த அன்று ராத்திரியே கழுவ வேண்டும். டிராக் குமிழை (நரம்பு எவ்வளவு இறுக்கமாக ஓடும் என்பதைத் திருகி வைப்பது) முழுக்க இறுக்குங்கள், இல்லாவிட்டால் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலுக்குள் இருக்கும் வாஷர்களுக்குத் தண்ணீர் இறங்கிவிடும். குழாயை மெல்லத் திறந்து ஓரிரு நிமிடம் மேலாகக் கழுவினால் போதும். வாகனம் கழுவும் பிரஷர் பைப் வேண்டாம், உப்பை உள்ளே தள்ளிவிடும். பக்கெட்டில் முக்குவதும் வேண்டாம். போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படிவு நிற்கும், ஆற்றுக் குடிநீரே நல்லது. உதறி, நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்திவிட்டு, உருளைக்கும் கைப்பிடிக்கும் நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் வளையக் கம்பியின் மூட்டுக்கும் ரீல் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு விடுங்கள்.

தேங்காய் எண்ணெய் சமையலுக்கு இருக்கட்டும். மார்கழிக் குளிரில் அது உறைந்து ரீலைக் கட்டிப்போடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். உங்கள் ரீலைப் பிரித்துப் பழைய கிரீஸை வழித்து, பேரிங்கை மாற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு. பல் சக்கரம் அரித்திருந்தால் செலவு செய்யாதீர்கள்.

கடலுக்குப் போக அமாவாசை நல்லதுங்களா, பௌர்ணமி நல்லதுங்களா?
*– வாசகர், ஆனைமலை*

இரண்டிலும் ஓதம், அதாவது கடல் மட்டம், ஒரே மாதிரிதான் ஏறி இறங்கும். அந்த நாட்களை ஒட்டி, ஓரிரு நாள் தள்ளி, ஏற்ற இறக்கம் மிகுதி. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். உங்கள் ஆழியாற்றுத் தண்ணீர் பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடல் சேருகிறது. அங்கே முகத்துவாரத்தில் போடுங்கள். வற்றும்போது காயலிலிருந்து (உப்பங்கழி) இறாலும் குஞ்சு மீனும் வெளியே வரும், கொடுவா மீன் ஓட்டத்தின் ஓரத்தில் காத்துக்கிடக்கும். வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் ஏற்றத்தின் முதல் இரண்டு மணி நேரமும் எங்கள் கணக்கு. இந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓட்டம் பலமான நாளில் 60 கிராம் ஈயத்தை 100 ஆக்குங்கள்.

கடல் கெளுத்தி முள்ளு குத்துனா என்ன பண்றதுங்க?
*– வாசகர், தாராபுரம்*

முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மொத்தம் மூன்று முட்கள். மூன்றிலும் விஷம். குத்திய இடத்தைக் கழுவி, சுமார் 45 டிகிரி சூட்டு வெந்நீரில் வலி தணியும் வரை வையுங்கள். அரைமணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகலாம். சூட்டை மட்டும் குத்துப்படாத கையால் பாருங்கள், குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. திருக்கை முள்ளுக்கும் இதே வெந்நீர்தான். சுண்ணாம்பு தடவுவது, கயிற்றால் கட்டுவது, பிளேடால் கீறுவது எதுவும் வேண்டாம். முள் ஒடிந்து ஆழமாக நின்றால் பிடுங்காமல் மருத்துவரிடம் போய், டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.