வண்டிக் கேள்வி: காரில் குடியேறும் எலிகள்

மன்னார்குடியில் கார் மின்வேலை பார்க்கிறவன் நான். சம்பா அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும் தை, மாசியில் என் பட்டறைக்கு வரும் கார்களில் எலிக்கடிதான் அதிகம். இந்த மாதக் கடிதங்களும் அதைப் பற்றியே இருப்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் காரை நிறுத்துகிறேன். கொட்டகையின் மறு ஓரத்தில் நெல் மூட்டைகள் இருக்கின்றன. இந்தப் பருவத்தில் மட்டும் மூன்று முறை எலி வயரைக் கடித்துவிட்டது. புகையிலை கட்டினேன், பினாயில் தெளித்தேன், வேப்பெண்ணெய் தடவினேன். எதற்கும் கட்டுப்படவில்லை. இனி என்ன வைப்பது?
– விவசாயி, நீடாமங்கலம்

இனி எதையும் வைக்க வேண்டாம். முதலில் அந்த மூட்டைகளை எடுங்கள், அல்லது காரை எடுங்கள். நெல்லும் காரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்வரை வேறு எந்த வைத்தியமும் பலிக்காது. நெல் எலிக்குச் சாப்பாடு, பானெட்டுக்கு உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான இருட்டு அதற்குப் படுக்கை. இரண்டையும் பத்தடி தூரத்துக்குள் கொடுத்தால் அது ஏன் வேறு இடம் தேடப் போகிறது?

எலி வயரைத் தின்ன வருவதில்லை. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கறண்டித் தேய்த்தால்தான் அதனால் வாயை மூட முடியும். தங்கிய இடத்தில் பல்லுக்கு வாகாகக் கிடைப்பது வயர், ரப்பர் குழாய், பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு. ஆகவே வயருக்குக் காவல் போடுவதைவிட, தங்க வருவதைத் தடுப்பதுதான் வேலை.

உங்கள் ஊரில் இது பருவத்தோடு சேர்ந்த பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு வளைகளில் தண்ணீர் ஏறியதும் எலிகள் மேட்டுக்கு வரும். அறுவடை முடிந்ததும் உணவு தேடி மறுபடியும் வரும். வயலில் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரவில் எலி பிடிக்கும் கூகை ஆந்தை வந்து உட்காருவதற்குக் கழி நடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்து வயலில் இவற்றைச் செய்தால் கொட்டகைக்கு வரும் கூட்டம் குறையும். மூங்கில் கிட்டியைக் காருக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். கோழியும் பூனையும் மாட்டிக்கொள்ளும்.

காருக்குப் பக்கத்தில் கூண்டுப் பொறிதான் சரி. எலி புதிய பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கிப் போகும். ஆகவே முதல் சில இரவுகள் கதவு விழாதபடி கட்டிவிட்டு, சுட்ட தேங்காய்ச் சில்லையோ கருவாட்டையோ உள்ளே வையுங்கள். அது பழகித் தின்ன ஆரம்பித்த பிறகு கட்டை அவிழ்த்துவிடுங்கள். கூண்டை நடுக் கொட்டகையில் வைப்பதில் பயன் இல்லை. எலி சுவரை உரசிக்கொண்டே ஓடும் பிராணி. சுவரோரத்தில் எண்ணெய்ப் பிசுக்காகக் கறுத்த தடம் தெரியும் இடத்தில், கூண்டின் வாய் அந்தத் தடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதே காரணத்துக்காக, காரைச் சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி நிறுத்துங்கள்.

அடுத்து, என்ஜின் அறையைக் கழுவுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓர் எலி தங்கிய இடத்தில் அதன் மூத்திர வாசனை நிற்கும், அடுத்த எலி அந்த வாசனையைப் பிடித்து வரும். வயரை மட்டும் மாற்றிக்கொண்டு போகிறவர் மறுபடியும் வருவதற்குக் காரணம் இதுதான். பேட்டரி, ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர் மூன்றையும் பாலித்தீனால் மூடிவிட்டு, தெரிந்தவரிடம் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்கவும் மறக்க வேண்டாம். நெல், வைக்கோல், கிழிந்த துணி எல்லாம் அதற்குள்ளிருந்து எடுத்திருக்கிறேன்.

கழுவிய பிறகு எலி நுழையும் வழியை அடைத்துவிடுங்கள். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் ஓட்டை போதும். 6 மில்லிமீட்டர் கண் உள்ள துருப்பிடிக்காத எஃகு வலை இரும்புக் கடையில் கிடைக்கும். கொசுவலையையோ பிளாஸ்டிக் வலையையோ ஒரே இரவில் அறுத்துவிடும். முன்கண்ணாடியின் அடியில் ஏ.சி. காற்று இழுக்கும் வாய், டேஷ்போர்டுக்குள் வயர் நுழையும் துளைகள், பின் பம்பருக்குள் இருக்கும் காற்றுத் துவாரங்கள் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டி வலை போடச் சொல்லுங்கள். தண்ணீர் வடியும் துளைகளைச் சிமென்ட்டோ எம்சீலோ வைத்து அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் மழைக்காலத்தில் தரைவிரிப்பு ஊறிப்போகும். வலைதான் வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னாலும் அடர்ந்த வலையைக் கட்டாதீர்கள், என்ஜினுக்குக் காற்று வேண்டும்.

கொட்டகைக்குக் கூரை இருப்பதால் இரவில் பானெட்டைத் திறந்து வைத்துவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். பானெட் விளக்கு இருக்கும் கார் என்றால் அது பேட்டரியைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகையிலையைப் பற்றி ஒரு வார்த்தை. வாடை இருக்கும் சில நாள்கள் எலி தயங்கலாம், காய்ந்ததும் பழகிவிடும். உலர்ந்த இலை சைலன்சர் பக்கம் விழுந்தால் தீப்பிடிக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஓட்டத்தில் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் தெளிக்கிறவர்களுக்கும் இதையே கெஞ்சிக் கேட்கிறேன். அவை ரப்பர் குழாயையும் ஊறவைத்துக் கெடுக்கும்.

கடிபட்ட வயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றித் தருகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, அதற்கு மேல் வரிக்குழாய் (வரிவரியாக இருக்கும் பிளாஸ்டிக் காப்புக் குழாய்) மாட்ட வேண்டும். மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குக்குப் போவது. அதை ஒட்டுப்போடவே கூடாது, முழுதாக மாற்ற வேண்டும்.

எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. காரில் எலி வருகிறது என்று இருக்கைகளுக்கு அடியில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறோம். ஏ.சி. போட்டால் அழுகிய நாற்றமும் வருகிறது. என்ன செய்வது?
– இளம் தாய், கும்பகோணம்

அம்மா, இதைப் படித்தவுடன் எழுந்து போய் அந்த உருண்டைகளை எடுத்துவிடுங்கள். நாற்றத்தைப் பிறகு பார்க்கலாம். அந்துருண்டையில் இருப்பது நாப்தலின். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் அதன் ஆவி நிறைந்துவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த ஆவியால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரக்கூடும். அந்தக் குறை இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதே இல்லை. தவழும் குழந்தை உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டால் இன்னும் ஆபத்து. குழந்தை சோர்ந்திருந்தாலோ, கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே மருத்துவரிடம் காட்டி, அந்துருண்டை வைத்திருந்ததையும் சொல்லுங்கள். எலி எப்படியும் இந்த வாடைக்குப் பயந்து ஓடுவதில்லை.

நாற்றம் பெரும்பாலும் ஏ.சி. ஃபில்டரிலோ, காற்றை ஊதும் விசிறியான புளோயரிலோ செத்துக் கிடக்கும் எலியால் வரும். பல கார்களில் இடப்பக்க டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் ஃபில்டர் இருக்கும். அதை எடுத்து எறிந்துவிட்டுப் புதியது போட வேண்டும், கழுவி மாட்டக் கூடாது. அதுவரை குழந்தையை அந்தக் காரில் ஏற்ற வேண்டாம்.

சுத்தம் செய்யும்போது எலிப்புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி கிளம்பும். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தோடு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, சிறிது நேரம் ஊறவிட்டுக் காகிதத்தால் துடையுங்கள். எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் கீறலோ புண்ணோ இருப்பவர் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

இனிமேல் காரை நிறுத்தும்போது, ஏ.சி.யில் உள்காற்றே சுழலும் பொத்தானை அழுத்திவிட்டு என்ஜினை அணையுங்கள். பல கார்களில் வெளிக்காற்று வாய் அதனால் மூடிக்கொள்ளும். பிஸ்கட் துணுக்கு, பால் சிந்திய துணி எதுவும் இரவில் உள்ளே இருக்கக் கூடாது.

அடுக்குமாடி வீட்டின் அடித்தளத்தில் நிறுத்துகிறேன். எலியை விரட்டும் ஒலிக்கருவி வாங்கலாமா?
– வாசகர், சென்னை வேளச்சேரி

வாங்காதீர்கள். நம் காதுக்கு எட்டாத அந்த உயர் ஒலி தடுப்புகளைத் தாண்டிப் போகாது. என்ஜின் அறையோ தடுப்புகளால் ஆனது. அதோடு எலி அந்த ஒலிக்குப் பழகிவிடும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே இத்தகைய கருவிகளைச் செய்கிறவர்கள், விற்கிறவர்கள் 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பணத்தில் எஃகு வலை வாங்குங்கள். ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் சேர்த்த வயர் டேப் ஒன்றை விற்கிறது. சுற்றினால் வயரைக் கடிப்பது குறையும், ஆனால் எலி தங்குவதை அது தடுக்காது.

உங்கள் அடித்தளத்தில் குப்பைத் தொட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அவை கார்களுக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஒருவர் தனியாகத் தீர்க்கக்கூடிய விஷயம் அல்ல, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டியது. தெருநாய்க்கும் பூனைக்கும் சோறு வைக்கும் நல்ல மனசுக்காரர்கள் இருந்தால், மிச்சத்தை இரவுக்கு முன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எலி மருந்து வைக்கலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

காருக்குள் கூடவே கூடாது. கடைகளில் கிடைக்கும் புரோமடையலோன் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் கழித்துச் சாகும். பெரும்பாலும் நீங்கள் கை நுழைக்க முடியாத ஏ.சி. குழாய்க்குள் போய்ச் சாகும். செத்த எலியைத் தின்னும் கூகைக்கும் பூனைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அதற்கு மாற்று மருந்து கிடையாது, கல்லீரலைச் சிதைத்துவிடும். தமிழ்நாட்டில் அது எத்தனையோ குடும்பங்களை அழித்த பிறகுதான் அதன் விற்பனைக்கு அரசு தடை விதித்தது. பழைய டியூப் எங்காவது பரணில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

என் கார் நிற்கும் இடத்தில் கீச்சுக் குரலோடு சுவரோரம் ஓடுவது மூஞ்சூறு என்கிறார் அப்பா. அதுவும் வயரைக் கடிக்குமா?
– கல்லூரி மாணவி, திருவாரூர்

கடிக்காது. மூஞ்சூறு எலி இனமே அல்ல, கரப்பான் பூச்சியும் புழுவும் தின்னும் பிராணி. நீண்ட மூக்கும் சின்னக் கண்ணும் அடையாளம். அதை அடிக்காதீர்கள். உங்கள் காரில் வயர் அறுந்திருந்தால் வேறொன்று வந்து போகிறது. பகலில் மட்டும் சேதம் நடந்தால் அணிலாகவும் இருக்கலாம். அது தேங்காய் நாரும் பஞ்சும் கொண்டுவந்து பேட்டரியின் மேல் கூடு வைக்கும். குட்டிகள் இருந்தால் அவை வளர்ந்து வெளியேறும்வரை காரை எடுக்காமல் இருக்க முடியுமா என்று யோசியுங்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊரில் என் கார் ஆறேழு மாதம் உறை போட்டு நிற்கிறது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்தால் மட்டும் போதுமா?
– வாசகர், சிங்கப்பூர்

போதாது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் என்ஜின் அறை இதமாகச் சூடாகிறது, அவ்வளவுதான். தெரிந்த ஓட்டுநரை வைத்து வாரம் ஒரு முறை அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். இடம் மாறி, குலுங்கி, வெளிச்சம் படும் வண்டியில் எலி நிலைக்காது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கார்கள் அசையாமல் நின்றபோது என் பட்டறை இதைக் கண்ணெதிரே காட்டியது. திறந்ததும் வந்தவை பெரும்பாலும் எலி கடித்த வண்டிகள்தான்.

தரையைத் தொடும் உறை எலிக்கு மறைவு கொடுக்கிறது. கூரை இருந்தால் உறை வேண்டாம். இல்லையென்றால் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியைத் திறக்கும்போது பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் திருப்பவே கூடாது. எலி எரிபொருள் குழாயையும் கடிக்கும். பானெட்டைத் திறந்து, கீழே குனிந்து தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு என்ஜின் விளக்கோ, பிரேக்கைச் சேர்ந்த ஏ.பி.எஸ். விளக்கோ அணையாமல் எரிந்தால் ஓட்டாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

எலிக்கடிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. முழுக் காப்பீட்டிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் எலிக்கடிக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் வாங்குகிறார்கள். பாலிசித் தாளில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் பேசுங்கள். கிடைத்தாலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் அது இல்லை. கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய தொகை 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய். ஒரு முறை கோரினால், கோராத ஆண்டுகளுக்காகச் சேர்த்த 20 முதல் 50 சதவீதத் தள்ளுபடியும் போய்விடும். ஆகவே ஓரிரு வயர் அறுந்ததற்குக் கைப்பணம் கொடுப்பதே லாபம். ஹார்னஸ் எனப்படும் வயர்க் கட்டு முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தால் கோருங்கள். வேலை தொடங்கும் முன் சேதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்து பார்க்கும்வரை அறுந்த வயரை மெக்கானிக் தூக்கி எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.