தொட்டி காய்ந்தால் உடும்பை ஊறவைக்கச் சொல்வார்கள்

கேள்வி: ஒரு வயது சவானா உடும்பு வளர்க்கிறேன். தினமும் 20 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லித்தான் விற்றார்கள். தூக்கினாலே சீறுகிறது, வாலால் அடிக்கிறது, தண்ணீரிலேயே கழிந்தும் வைக்கிறது. ஊறவைத்தே ஆகவேண்டுமா?

பதில்: வேண்டாம். அதைச் சொன்னவர் கூடவே என்ன விற்றார் என்று நான் சொல்லட்டுமா? மேலே கம்பிவலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி, அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சீவல், ஒரு சூடு விளக்கு. ‘முழு செட்’ என்று பெயர். எனக்கும் இதையேதான் தலையில் கட்டினார்கள், நானும் மூன்று மாதம் வாளியும் கையுமாக அலைந்தேன்.

சவானா உடும்பு ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழ்வது, அதனால் வறட்சி அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வெளியே வெயில் காய்வது உண்மைதான், ஆனால் போய்ப் படுப்பது மண்ணுக்குள், ஈரக்காற்று நிற்கும் வளையில். உங்கள் தொட்டியிலோ விளக்கின் சூட்டில் மேலே எழும் காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வலை வழியாகப் போய்விடுகிறது. மூச்சு விட விட உடும்பு காய்கிறது. நாள் முழுக்க காயவிட்டு 20 நிமிடம் நனைத்தால் அந்தக் கணக்கு எப்படி நேராகும்? தோல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று நம்பாதீர்கள், அது வாயால் குடித்தால்தான் உண்டு. இப்படியே விட்டால் தோல் சரியாக உரியாமல் விரலிலும் வால் நுனியிலும் மோதிரம் மாதிரி இறுகும், ரத்தம் ஓடாமல் விரலே போகும். அப்புறம் சிறுநீரகம், அப்புறம் மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும்.

அந்தத் தொட்டியைக் கழித்துக்கட்டுங்கள். மேல்பக்கம் மூடிய பலகை அடைப்பு வேண்டும். வளர்ந்த உடும்பு ஒரு மீட்டரைத் தொடும், ஆகவே நீளம் 2.4 மீட்டராவது இருக்கட்டும். உள்ளே மணல் கலந்த ஈர மண், 60 செ.மீ. ஆழம், தோண்டினால் வளை இடிந்து விழக்கூடாது. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 50 முதல் 60 டிகிரி செல்சியஸ், எதிர்முனை குளிர்ச்சியாக. முழு உடம்பும் இறங்கும் அளவுக்கு ஒரு தண்ணீர்ப் பாத்திரம். ஊற வேண்டுமென்று தோன்றினால் அதுவே இறங்கிக்கொள்ளும். கழிவதும் பெரும்பாலும் அதில்தான், தண்ணீரை மாற்றுவது உங்கள் வேலை.

கேள்வி: ஈரப்பதம் 60 சதவீதம் என்று முள் காட்டுகிறது, ஆனாலும் விரல்களில் தோல் ஒட்டியிருக்கிறது.

பதில்: என் முள் ஈரப்பதமானியும் எட்டு மாதம் 60 தான் காட்டியது, எடுத்து மேசைமேல் வைத்தபோதும் 60. தூக்கிப் போட்டேன். டிஜிட்டல் வாங்குங்கள், வாங்கியதையும் சோதியுங்கள்: ஒரு மூடியில் உப்பைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கருவியோடு காற்றுப் புகாத பைக்குள் வைத்து எட்டு மணி நேரம் விட்டால் 75 காட்டவேண்டும். விரல் தோலுக்கு மட்டும் ஊறவைக்கலாம்: சுமார் 30 டிகிரி தண்ணீர், தோள் அளவு, தலை மேலே, பக்கத்திலேயே இருங்கள். தோலைப் பிய்க்காதீர்கள். விரல் கறுத்திருந்தால் இன்றே மருத்துவர்.

கேள்வி: தோல் உரிய ஒரு ஸ்ப்ரே விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தண்ணீர் போதும்.

கேள்வி: நீர் உடும்புக் குட்டி வாங்கிவிட்டேன். பாத்திரம் கழுவும் பேசின் போதுமா?

பதில்: எத்தனை நாளைக்கு? அது நீந்தும் இனம், ஒன்றரை இரண்டு மீட்டர் வளரும், ஓர் அறையும் சிறு குளமும் கேட்கும். குட்டியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு அளவை என்னிடம் கேட்கிறீர்கள். அந்த பேசினில் இனி பாத்திரம் கழுவாதீர்கள், சால்மோனெல்லா என்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமி வரும்.

கேள்வி: ‘பண்ணையில் பிறந்தது’ என்று சொல்லி விற்றார்கள். வந்தபோதே கண் குழிந்து, உடம்பெல்லாம் உண்ணி. பத்தாம் நாள் இறந்துவிட்டது. ‘நீங்கள் ஊறவைக்கவில்லை’ என்கிறார் விற்றவர். பணம் திரும்பி வருமா?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, முதலில் அதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். கண் குழிந்து வந்தது என்றால் உங்களிடம் வருமுன்னே காய்ந்துபோன உயிர். உண்ணியைப் பார்த்தால் காட்டில் பிடித்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. காட்டில் எடுத்த முட்டையைக் குஞ்சு பொரிக்கவைத்துவிட்டும் ‘பண்ணை’ என்பார்கள். உடலை இன்னும் வைத்திருந்தால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், உறையவிடாதீர்கள், உறைந்தால் பரிசோதனை கெடும். மருத்துவர் அறிக்கை, வந்த அன்று எடுத்த படங்கள், ரசீது மூன்றையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள், போனில் பேசவே பேசாதீர்கள். எல்லா உடும்பு இனங்களும் சைட்டிஸ் என்ற, வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், நாடு தாண்டி வந்த விலங்கு என்றால் அனுமதிச் சீட்டு இருந்தாக வேண்டும். அதன் நகலைக் கேட்டுப் பாருங்கள், ஊறவைக்கும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.