அஞ்சு ஜெயிச்சாப் போதுமா? (கடிதமும் பதிலும்)

நவம்பர் 2024

அன்புள்ள சார்,

உங்க பையன் மார்ச்சிங் பேண்ட்ல ட்ராம்போன் வாசிக்கறதப் பத்தி எழுதினப்போ ஃப்ரைடே நைட் ஃபுட்பால் (பந்தக் கைல தூக்கிட்டு ஓடற அமெரிக்க ஸ்கூல் ஃபுட்பால்) பத்தி நாலு வரி வந்துச்சு, அதப் படிச்சதுலேருந்தே கேக்கணும்னு இருந்தேன். என் தங்கச்சி குடும்பம் இல்லினாய்ல ப்ளூமிங்டன் பக்கம் இருக்கு. அவ பையன் ஸ்கூல் டீம்ல லைன்மேன், முன்வரிசைல நின்னு எதிராளிய முட்டித் தள்ற ஆள். இந்த வருஷம் 9 மேட்ச்ல 5 ஜெயிச்சு ப்ளேஆஃப் (சீசன் முடிஞ்சு நடக்கற நாக்அவுட்) போனாங்க, வீட்ல கேக் வெட்டாத குறை. அடுத்த வாரமே மூணு மணி நேரம் பஸ்ல போயி 49-6ன்னு தோத்துட்டு வந்தாங்க. வீடியோ கால்ல அவன் மூஞ்சியப் பாக்க முடியல. இதுல அவன் ஃப்ரெண்டோட ஸ்கூல் 4 ஜெயிச்சு 5 தோத்தாங்களாம், ஆனா எங்களவிட அவங்க நல்ல டீம்னு இவனே சொல்றான். அவங்களுக்கு இடம் கெடைக்கல.

இப்டி அடி வாங்கற டீம எதுக்கு சார் உள்ள விடணும்? நல்லா ஆடறவன எதுக்கு வெளிய நிறுத்தணும்? தங்கச்சி அவன ஆட்டத்தையே விடச் சொல்றா, அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ர., ஓசூர்

அன்புள்ள ர.,

மொதல்லயே சொல்லிடறேன், நான் இதுல எக்ஸ்பர்ட் கிடையாது, வெறும் பேண்ட் அப்பா. ஹாஃப்டைம் ஷோ முடிஞ்சதும் பேண்ட் பசங்களுக்கு மூணாவது க்வார்ட்டர் ப்ரேக், எல்லாம் நாச்சோஸ் வாங்க ஓடிடும், அந்த நேரத்துலதான் நான் நிஜமாவே ஆட்டத்தப் பாப்பேன். மூணாவது க்வார்ட்டர்லயே ஒரு டீம் 40 பாயிண்ட் முன்னாடி இருந்தா இங்க கடிகாரத்த நிறுத்தாம ஓட விட்டுருவாங்க, ரன்னிங் க்ளாக்னு பேரு. சீக்கிரம் முடிச்சு வீட்டுக்கு அனுப்பற கருணை. உங்க மருமகன் மேட்ச்லயும் கண்டிப்பா ஓடியிருக்கும்.

இப்போ அந்த 5. இல்லினாய்ல ப்ளேஆஃப் ஆரம்பிச்சது 1974ல. அப்போ இடம் ரொம்பக் கம்மி, பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் (சீசன்ல தங்களுக்குள்ள ஆடிக்கற ஸ்கூல்களோட கூட்டம்) சாம்பியன்தான் உள்ள. கொஞ்சம் கொஞ்சமா கதவ அகலமாக்கி 2001லேருந்து 8 க்ளாஸ் (ஸ்கூல் அளவப் பாத்துப் பிரிச்ச பிரிவு), ஒவ்வொண்ணுலயும் 32 டீம், மொத்தம் 256, 2024லயும் அதான். சீசன்ல 9 மேட்ச். 6 ஜெயிச்சா நேரா உள்ள, 5 ஜெயிச்சா லைன்ல நிக்கலாம், சில வருஷம் 5-4 (5 ஜெயிச்சு 4 தோத்த) டீம் எல்லாருக்கும் இடம் இருக்கும், சில வருஷம் பத்தாது. பத்தாதப்போ ப்ளேஆஃப் பாயிண்ட்ஸ்னு ஒரு கணக்கு பாப்பாங்க, அதாவது நீங்க ஆடின 9 டீமும் மொத்தம் எத்தன மேட்ச் ஜெயிச்சாங்கங்கறத கூட்டிப் போடறது.

இந்தக் கணக்கு பசங்கள என்ன பண்ணுதுன்னு போன வருஷம் பாத்தேன். எங்க ஊர் ஸ்கூலும் கடைசி மேட்ச் ஜெயிச்சு 5-4. பார்க்கிங் லாட்ல ஷோல்டர் பேடக் கூடக் கழட்டாம அஞ்சாறு பசங்க ஒரு வண்டி பானெட் மேல சாஞ்சுட்டு செல்ஃபோன நோண்டிட்டிருக்கானுங்க. என்னடான்னு பாத்தா செப்டம்பர்ல இவங்கள 42-7ன்னு பொளந்த டீமோட மேட்ச் இன்னும் முடியலயாம், அவன் ஜெயிக்கணுமாம், ஜெயிச்சா இவங்களுக்கு ஒரு பாயிண்ட். அன்னிக்கு அடிச்சவனுக்காக இன்னிக்கு வேண்டிக்கறான். நம்மூர்ல ஐபிஎல் கடைசி வாரத்துல மும்பை இத்தன ஓவர்ல தோக்கணும், அவன் இத்தன ரன்ல ஜெயிக்கணும்னு பேப்பர் பேனாவோட உக்காருவோம்ல, அதேதான், ஆனா இங்க வேண்டிக்கறவன் பதினேழு வயசுல முட்டிக்காலெல்லாம் சேறோட நிக்கறான்.

இன்னொரு கூத்து, தான் எந்த க்ளாஸ்ல ஆடப்போறோம்ங்கறதே அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாது. மொதல்ல 256 பேர் யாருன்னு முடிவாகணும், அப்புறம் அவங்கள ஸ்கூல்ல எத்தன பிள்ளைங்கங்கற வரிசைல நிக்க வெச்சு, பெரிய 32 ஸ்கூல் 8ஏ, அடுத்த 32 ஸ்கூல் 7ஏன்னு வெட்டிட்டே வருவாங்க. எங்கயோ ஒரு பெரிய ஸ்கூல் கடைசி மேட்ச்ல தோத்து வெளிய போச்சுன்னா கோட்டுக்குப் பக்கத்துல இருக்கறவன் ஒரு க்ளாஸ் மேல ஏறிடுவான். சனிக்கிழமை ராத்திரி இதுக்குன்னே ஒரு டிவி ஷோ வரும், பேரு வரிசையா வாசிப்பாங்க, டீம் மொத்தமும் பீட்ஸாவ வெச்சுக்கிட்டு உக்காந்து பாக்கும். உங்க தங்கச்சி வீட்ல கேக் வெட்டத் தோணினதும் அன்னிக்குத்தான் இருக்கும், அதுல தப்பே இல்ல.

அந்த மூணு மணி நேர பஸ்ஸ வெச்சுப் பாத்தா 7ஏ இல்லன்னா 8ஏவா இருக்கணும்னு நெனைக்கறேன், அந்த ரெண்டுலதான் ஸ்டேட் முழுக்க 1லேருந்து 32 வரைக்கும் ஒரே வரிசை, மத்ததுல வடக்கு தெற்குன்னு ரெண்டாப் பிரிச்சுடுவாங்க. வரிசைல மேல இருக்கறவன் ஊர்லதான் மொத ரவுண்டு, ஒண்ணு முப்பத்திரெண்டோட மோதணும், ரெண்டு முப்பத்தொண்ணோட. 5-4ன்னா கடைசில இருப்பீங்க, எதிர்ல 9-0 நிக்கும். 49-6 வராம என்ன வரும்?

அப்போ 256ஐப் பாதியாக் கொறைச்சா சரியாப் போயிடுமான்னு கேப்பீங்க. நானும் ரொம்ப நாள் அப்டித்தான் பேசிட்டிருந்தேன், நசரேத் அகாடமி கதை என் வாய அடச்சிடுச்சு. சிகாகோ பக்கத்துல லா கிராஞ்ச் பார்க்ல இருக்கற கத்தோலிக்க ஸ்கூல். 2022ல மொத ஆறு மேட்ச்ல 2 ஜெயிச்சு 4 தோத்தாங்க, வேற யாரா இருந்தாலும் சீசன் முடிஞ்சுதுன்னு போயிருப்பாங்க. கடைசி மூணையும் ஜெயிச்சு உங்க மருமகன் மாதிரியே 5-4ன்னு ஒட்டிக்கிட்டு உள்ள வந்து, அங்கேருந்து வரிசையா அஞ்சு ரவுண்டும் ஜெயிச்சு, ஃபைனல்ல பியோரியாவ 45-44ன்னு ஒரே பாயிண்ட்ல அடிச்சு 5ஏ சாம்பியன். 10-4 ரெக்கார்டோட கோப்பை. சீசன்ல அவங்க ஆடினது சிகாகோ கத்தோலிக்க ஸ்கூல்களோட கான்ஃபரன்ஸ்ல, அங்க வாரா வாரம் எதிர்ல யானைதான் வரும்.

ஆக ஒரு 5-4 மொத ரவுண்டுல 49-6ன்னு சுருண்டுச்சு, இன்னொரு 5-4 கோப்பையத் தூக்கிடுச்சு. ரெண்டும் பேப்பர்ல ஒரே நம்பர். உங்க ரெண்டாவது கேள்விக்கான பதிலும் இதுக்குள்ளயேதான் கெடக்கு. ஒரு கான்ஃபரன்ஸ்ல 8 டீம், எல்லாரும் எல்லாரோடவும் ஆடறாங்கன்னு வைங்க, மொத்தம் 28 மேட்ச், 28 வெற்றி, அதுக்கு மேல ஒண்ணு கூடக் கெடையாது. எட்டும் நல்ல டீமா இருந்தாலும் 28 தோல்வியும் அவங்களுக்குள்ளயே விழுந்துதான் ஆகணும். ஃப்ரெண்டோட ஸ்கூல் அந்த மாதிரி இடத்துல மாட்டியிருக்கும். அவன் 4-5, ஆறு டீம் சுமாரா இருக்கற கான்ஃபரன்ஸ்ல இன்னொருத்தன் 7-2. மொதல்ல வெற்றிய எண்ணிட்டு அப்புறம்தான் யாரோட ஆடினன்னு கேக்கற சிஸ்டம் இது.

சிஸ்டம் அப்டி இருந்தா மனுஷன் என்ன பண்ணுவான்? கோச்சும் ஸ்கூல் விளையாட்டெல்லாம் பாத்துக்கற அத்லெடிக் டைரக்டரும் உக்காந்து அஞ்சு வெற்றி எங்க கெடைக்கும்னு தேடுவாங்க. பலசாலி கூட இருக்கற கான்ஃபரன்ஸ விட்டு வெளிய வந்து லேசான எடத்துல சேருவாங்க. அவங்க போனதும் மிச்சம் இருக்கறவன் ஆட ஆள் இல்லாம பக்கத்து ஸ்டேட்டுக்கு பஸ் ஏறுவான். ஈஸ்ட் செயின்ட் லூயிஸ்னு ஒரு பப்ளிக் ஸ்கூல் இருக்கு, அடிச்சு நொறுக்கற டீம், அவங்க சீசன் அட்டவணையப் பாத்தா காலேஜ் டீம் மாதிரி வேற வேற ஸ்டேட் பேரா இருக்கும், உள்ளூர்ல வலியப் போயி அவங்ககிட்ட யாரு அடி வாங்குவா சொல்லுங்க. ஆகஸ்ட்ல யாரோட ஆடறோம்ங்கறத நவம்பர் ப்ளேஆஃப் கதவு முடிவு பண்ணுது, எனக்கு இதுல இருக்கற பெரிய வருத்தமே அதுதான். பக்கத்து ஊர்க்காரனோட வருஷா வருஷம் ஆடின மேட்ச் காணாமப் போயிடும், அவன் கெட்டவனாகல, நல்லா ஆட ஆரம்பிச்சுட்டான், அவ்ளோதான்.

இத மாத்த ஒரு தடவ கிட்டக்க வந்தாங்க. ஐஎச்எஸ்ஏன்னு இங்க ஸ்கூல் விளையாட்டெல்லாம் நடத்தற சங்கம். 2018 டிசம்பர்ல ஸ்கூல்களெல்லாம் ஓட்டுப் போட்டு, ஃபுட்பாலுக்கு மட்டும் கான்ஃபரன்ஸ் வேணாம், அளவும் ஊரும் பாத்து டிஸ்ட்ரிக்ட்டாப் பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் மொத நாலு டீம் ப்ளேஆஃப் போகட்டும்னு முடிவாச்சு. 324க்கு 307, பதினேழே ஓட்டு. 2021லேருந்து வர வேண்டியது. அஞ்சு வெற்றிங்கற பேச்சே இருக்காது, ஒரே அளவு ஸ்கூல்தான் எதிர்ல. ஒரே வருஷம், 2019 டிசம்பர்ல அதே ஸ்கூல்கள் மறுபடி ஓட்டுப் போட்டு அதத் தூக்கிட்டாங்க, ஆரம்பிக்கவே இல்ல.

எனக்குக் கோவம்தான், ஆனா அவங்க பக்கமும் இல்லாம இல்ல. மிசிசிப்பி ஆத்தங்கரைல க்வின்சின்னு ஒரு ஊர், பெரிய ஸ்கூல், சுத்துப்பட்டுல அந்த அளவுக்கு வேற ஸ்கூலே இல்ல, அளவு பாத்துப் பிரிச்சா வாரா வாரம் எவ்ளோ தூரம் போயிட்டு வர்றது, ராத்திரி ஒரு மணிக்கு பஸ்லேருந்து எறங்கற பிள்ளைய யாரு கூட்டிட்டு வர்றது. அப்புறம் காசு. பக்கத்து ஊர் மேட்ச்னா கேட்ல டிக்கெட் விக்கும், நாச்சோஸ் விக்கும், பேண்டுக்கு யூனிஃபார்ம் அதுலேருந்து வரும் (இங்க என் சுயநலம் கொஞ்சம் இருக்கு). பேரே தெரியாத ஊர்லேருந்து வந்தா கேலரில காத்துதான்.

தனியார் ஸ்கூல் சண்டை வேற. பப்ளிக் ஸ்கூல்ல அந்த எல்லைக்குள்ள குடியிருக்கற பிள்ளைதான் சேர முடியும், கத்தோலிக்க ஸ்கூல் சுத்துவட்டாரம் முப்பது மைல்லேருந்து எடுக்கலாம். அத ஈடு கட்டன்னு 2005லேருந்து எல்லையில்லாத ஸ்கூலோட மாணவர் கணக்க 1.65ஆல பெருக்கறாங்க, 600 பிள்ளைங்க இருந்தா 990ன்னு வெச்சுக்கிட்டு மேல் க்ளாஸ்ல போட்டுடுவாங்க. சமீபத்துல பெருசா எதுவும் ஜெயிக்காத ஸ்கூலுக்கு விலக்கும் உண்டு. எல்லாம் பண்ணியும் 2022, 2023 ரெண்டு வருஷமும் 8ஏல லொயோலா, 7ஏல மவுண்ட் கார்மல், ரெண்டும் கத்தோலிக்க ஸ்கூல்தான். உச்சில இருக்கற க்ளாஸ்லயே ஜெயிக்கறவன எந்த நம்பரால பெருக்கி எங்க அனுப்பறது?

ஆள் விஷயமும் இருக்கு. நாடு முழுக்க 2008-09ல 11 லட்சத்துக்கு மேல பசங்க பதினோரு பேர் ஃபுட்பால் ஆடினாங்க, 2021-22ல அது 10 லட்சத்துக்குக் கீழ போயி அடுத்த வருஷம் மேல வந்துச்சு. மொத்தக் கணக்குல பெரிய சரிவாத் தெரியாது, சின்ன ஊர் ஸ்கூல்லதான் அடி. ரெண்டு மூணு ஸ்கூல் சேந்து ஒரு டீம் போடறாங்க, இல்லன்னா எட்டு பேர் ஃபுட்பாலுக்குப் போயிடறாங்க, அதுக்குத் தனி சங்கம், தனி ப்ளேஆஃப். ரெஃப்ரி கெடைக்காம வெள்ளிக்கிழமை மேட்ச் வியாழனுக்கும் சனிக்கும் நகருது. பெரிய ஸ்கூல்லயும் வித்தியாசம் உண்டு, ஒரு பக்கம் தொண்ணூறு பேர் ட்ரெஸ் போட்டு நிப்பான், இன்னொரு பக்கம் நாப்பது, அதுல ஏழெட்டுப் பேர் அட்டாக்கும் டிஃபென்ஸும் ரெண்டுமே ஆடி ரெண்டாவது க்வார்ட்டர்லயே நாக்கு தள்ளிடும். உங்க மருமகன் ரெண்டு பக்கமும் ஆடறானான்னு கேளுங்க, ஆமான்னு சொன்னா 49க்கு பாதிக் காரணம் அங்க இருக்கு.

கடைசிக் கேள்விக்கு வர்றேன். தங்கச்சி பயந்து சொல்றாங்களா, அவமானப்பட்டு சொல்றாங்களான்னு கேட்டுக்கோங்க. பயம்னா நான் குறுக்க பேச மாட்டேன், லைன்மேன்னா ஒவ்வொரு ப்ளேலயும் எவனோடயாவது முட்டணும். இங்க 2015லேருந்து சட்டம் இருக்கு, தலைல அடின்னு சந்தேகம் வந்தாலே அன்னிக்கு வெளிய, டாக்டரோ காயம் பாக்கற அத்லெடிக் ட்ரெய்னரோ எழுதிக் குடுக்காம திரும்ப எறங்க முடியாது. ஆனா தலை வலிக்குதுன்னு பையன் வாயத் தொறந்து சொல்லணும், மேட்ச் இருக்கற வாரம் அவன் சொல்ல மாட்டான், அதனால அவங்க ஸ்கூல் ட்ரெய்னர ஒரு தடவ நேர்ல பாத்துப் பேசிட்டு முடிவெடுக்கறது நல்லது. 49-6க்காக விடச் சொல்றாங்கன்னா அது வேணாம். ஃபைனல்ஸ் 2023லேருந்து அவங்க ஊருக்குப் பக்கத்துலயே, நார்மல்ங்கற ஊர்ல ஹான்காக் ஸ்டேடியத்துல நடக்குது, தேங்க்ஸ்கிவிங் வாரம், ஜாக்கெட் ரெண்டு போட்டுட்டு அவனக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

அப்புறம் அடுத்த வீடியோ கால்ல அந்த 49அ விட்டுட்டு அந்த 6 எப்டி வந்துச்சுன்னு கேளுங்க. ஓடி ஸ்கோர் பண்ணினவன் பேர்தான் ஸ்பீக்கர்ல சொல்லியிருப்பான், அவனுக்கு வழி விட்டு முன்னாடி எவனையாவது தள்ளிட்டுப் போனது ஒரு லைன்மேனாத்தான் இருக்கணும். 7 ஏன் ஆகலங்கறத (கோட்டத் தாண்டினா 6, அப்புறம் அடிக்கற கிக் உள்ள போனா இன்னும் 1) மட்டும் கேக்காதீங்க, கிக்கர் அவன் ஃப்ரெண்டா இருப்பான்.

அன்புடன்,
பேண்ட் அப்பா