மூட்டு வலி திடீர்னு காணாம போச்சே, ஏன் சிஸ்டர்?

போன மாசம் முடக்குவாதம் (ஆர்.ஏ, நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம மூட்டை தாக்குற நோய்) பத்தி எழுதினதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "நடுவுல கொஞ்ச நாள் வலியே இல்லாம இருந்துச்சு, அது எப்படி?"னு. ரூமட்டாலஜி, அதாவது மூட்டு நோய் வார்டுல 22 வருஷம் நர்ஸா இருந்தேன், எனக்கே 14 வருஷமா ஆர்.ஏ இருக்கு, அதனால இந்த கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. நாலு பேருக்கு இங்க பதில் சொல்றேன்.

சிஸ்டர், வயசு 31, மூணு வருஷமா ஆர்.ஏ. ரெண்டாவது குழந்தை வயித்துல இருந்தப்ப அஞ்சாம் மாசத்துலேர்ந்து வலி, வீக்கம் எதுவுமே இல்ல, தண்ணி குடம் கூட தூக்குனேன். குழந்தை பொறந்து ஏழாவது வாரம் எல்லாம் திரும்பி வந்துருச்சு, பிள்ளையை தூக்கி பால் கொடுக்க முடியல. மாமியார் "மாசமா இருந்தப்ப நல்லாத்தானே இருந்த, இப்ப வேலை செய்ய சோம்பல்"ங்கிறாங்க. - வாசகி, கும்பகோணம்

இந்த பதிலை அப்படியே மாமியார்கிட்ட படிச்சு காட்டும்மா. நீ சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. ஆர்.ஏ இருக்கிற பொண்ணுங்கள்ல சுமார் பாதி பேருக்கு கர்ப்ப காலத்துல நோய் அடங்கும், அதுல நிறைய பேருக்கு பிரசவமாகி மூணு நாலு மாசத்துக்குள்ள திரும்ப சீறிக்கிட்டு வரும். குழந்தையோட உடம்புல பாதி அப்பாவோட அம்சம், அதை வேத்து ஆளுன்னு நினைச்சு தாக்கிடக்கூடாதுன்னு தாயோட எதிர்ப்பு சக்தி தன்னோட போக்கை மாத்திக்குது, கூடவே வீக்கத்தை அடக்க உடம்பே சுரக்கிற கார்ட்டிசாலும் ஏறுது, மூட்டை தாக்கிட்டு இருந்ததும் அதே எதிர்ப்பு சக்திதானே, அதனால அங்கயும் அமைதி வருது.

இதுல ஒரு பெரிய கதையே இருக்கு. 1929ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ஃபிலிப் ஹென்ச்னு ஒரு டாக்டர்கிட்ட 65 வயசு நோயாளி ஒருத்தர் வந்தார், அவரும் ஒரு டாக்டர்தான். மஞ்சள் காமாலை வந்ததுலேர்ந்து என் மூட்டு வலி குறைஞ்சுருச்சுன்னு சொன்னார். ஹென்ச் அதை சும்மா கேட்டுட்டு விடல, அதே மாதிரி ஆளுங்களை தேடித்தேடி எழுதி வச்சார், அப்புறம் மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்கும் இப்படி ஆகுதுன்னு கவனிச்சார். உடம்புக்குள்ளயே ஏதோ ஒரு பொருள் இந்த வேலையை செய்யுதுன்னு அவருக்கு பட்டுச்சு, பேர் தெரியாததால அதுக்கு எக்ஸ்னு பேர் வச்சார். காமாலை வந்தவங்க ரத்தத்தை ஏத்தி பாக்குறதுன்னு என்னென்னமோ பண்ணினார், சரியா அமையல. கடைசியா 1948 செப்டம்பர்ல, கூட வேலை பார்த்த கெண்டல் அட்ரினல் சுரப்பிலேர்ந்து பிரிச்செடுத்திருந்த ஒரு பொருளை, எழுந்து நடக்கவே கஷ்டப்பட்ட 29 வயசு பொண்ணுக்கு ஊசியா போட்டாங்க, சில நாள்ல அந்த பொண்ணு நடந்தா, ஒரு வாரத்துல கடைவீதிக்கே போயிட்டு வந்தா. அதுதான் கார்ட்டிசோன். 1950ல நோபல் பரிசு. பேஷன்டு சொன்னதை ஒரு டாக்டர் நம்பினதால வந்த மருந்தும்மா இது, உன் வீட்டுல நம்பலைன்னா எனக்கு கோவம் வராதா?

இப்ப நீ செய்ய வேண்டியது, பால் கொடுக்கறேன்னு சொல்லி உடனே டாக்டரை பாரு. ஆர்.ஏக்கு வழக்கமா கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் இப்ப ஆகாது, ஆனா ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் மாதிரி பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மருந்து இருக்கு. பழைய சீட்டை வச்சு நீயா மாத்திரை வாங்காத.

என் அம்மாவுக்கு 58 வயசு, பத்து வருஷமா முடக்குவாதம். 2021ல கொரோனா வந்து ஆக்சிஜன் வச்சிருந்தாங்க. மூச்சு திணறிட்டு இருந்த அதே நேரத்துல மூடவே முடியாத கை மூடுச்சு. கொரோனா கிருமியே வாதத்தை முறிச்சுருச்சுன்னு அம்மா இன்னைக்கும் நம்புறாங்க. - வாசகர், திருநெல்வேலி

தம்பி, அப்ப போட்ட ஊசி லிஸ்டை எடுத்து பாருங்க, டெக்சாமெத்தசோன்னு இருக்கும்னு நினைக்கிறேன். ஆக்சிஜன் தேவைப்படுற கொரோனா பேஷன்டை அது காப்பாத்துதுன்னு 2020 ஜூன்ல பிரிட்டன்ல பெரிய ஆய்வு முடிவு வந்துச்சு, தினம் 6 மில்லிகிராம், பத்து நாள் வரைக்கும். நாம மூட்டுக்கு போடுற பிரெட்னிசலோன் கணக்குல அது 40 மில்லிகிராமுக்கு சமம், அம்மா வழக்கமா எடுக்கிறது 5 இல்ல 10ஆ இருக்கும். மேல சொன்னேனே கார்ட்டிசோன், அதோட குடும்பம்தான் இதுவும், இந்த குடும்பத்துக்கு பேர்தான் ஸ்டீராய்டு. கையை மூட வச்சது கிருமி இல்ல, இந்த மருந்தாத்தான் இருக்கும். ஆஸ்துமாவுக்கு, அலர்ஜிக்குன்னு வேற எதுக்கோ ஸ்டீராய்டு போட்டு மூட்டு சரியானவங்களை நானே எத்தனையோ பேரை பார்த்திருக்கேன். நிறுத்தினதும் வலி வந்துரும்.

கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பால், பழம் மட்டும் சாப்பிட்டேன், நாலாவது நாள்லேர்ந்து விரல் வீக்கம் குறைஞ்சுது. விரதம் முடிஞ்சு ஒரு வாரத்துல பழையபடி. இனிமே மாசாமாசம் விரதம் இருக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொடி கொடுத்தார், அதுவும் மூணே நாள்ல கேட்குது, அதையும் தொடரலாமா? - வாசகி, பழனி

விரதம் உங்க கற்பனை இல்லம்மா. பட்டினி கிடந்தா ஆர்.ஏ வீக்கம் தணியும், சாப்பிட ஆரம்பிச்சா திரும்பும். 1991ல நார்வேயில ஏழுலேர்ந்து பத்து நாள் விரதம் வச்சு, அப்புறம் ஒரு வருஷம் சைவ சாப்பாடு கொடுத்து பார்த்தாங்க, சிலருக்கு அந்த சுகம் நீடிச்சுது. ஆனா மாசாமாசம் பட்டினி கிடந்தா சதை கரையும், சுகர் இருந்தா ஆபத்து, வெறும் வயித்துல வலி மாத்திரை போட்டா குடல் புண்ணாகும். வருஷத்துக்கு ஒரு தடவை சாமிக்கு இருங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு இருங்க.

பொடிதான் எனக்கு பயமா இருக்கு. பத்து வருஷ வாதம் மூணே நாள்ல பறந்துச்சுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கான்னு முதல்ல சந்தேகப்படணும், பேர் இல்லாத பொட்டலங்கள்ல அப்படி கலந்து பிடிபட்டது நம்ம நாட்டுல நிறைய நடந்திருக்கு. முகம் உருண்டையா ஊதுதா, சுகர், பிரஷர் ஏறுதான்னு பாருங்க. ரொம்ப நாளா சாப்பிடறீங்கன்னா பட்டுனு நிறுத்திடாதீங்க, ஸ்டீராய்டு வெளியிலேர்ந்தே வர்றதால நம்ம சொந்த அட்ரினல் சுரப்பி சுரக்காம தூங்கிட்டு இருக்கும், திடீர்னு நிறுத்தினா வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தையும் கையில எடுத்துக்கிட்டு நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க, திட்டுவார்னு மறைக்காதீங்க.

காலைல பல்லு விளக்க பிரஷ் பிடிக்க முடியல, பதினோரு மணிக்கு மேல சாதாரணமா எழுதறேன். ஆபீஸ்ல நடிக்கிறேன்னு நினைக்கிறாங்க. - வாசகர், சேலம்

ராத்திரி பின்பகுதியில வீக்கத்தை தூண்டுற பொருளெல்லாம் ரத்தத்துல ஏறும், அதை அடக்குற கார்ட்டிசால் ஆர்.ஏ காரங்களுக்கு போதுமானபடி ஈடு கொடுக்காது, அதனாலதான் விடியக்காலை கொடுமை. காலை இறுக்கம் எத்தனை நிமிஷம் இருக்குன்னு தேதி போட்டு எழுதி வைங்க, மருந்து கேட்குதா இல்லையான்னு டாக்டருக்கு அது சொல்லும்.

நான் செய்யறது ஒண்ணு சொல்றேன். எழுந்ததும் கை பொறுக்கிற சூட்டுல ஒரு பேசின் தண்ணி, பத்து நிமிஷம் ரெண்டு கையையும் முக்கி தண்ணிக்குள்ளயே மெல்ல மூடி திறக்கறது. நோயை அது தொடாது, விரல் இளகும், அந்த நேரத்துல பல்லு விளக்கி, சட்டை பட்டன் போட்டு, காபி போட்டுருவேன். மூட்டு சிவந்து கொதிக்கிற நாள்ல மட்டும் சூடு வேண்டாம், துணியில ஐஸ் சுத்தி வைங்க.